மருத்துவரின் வழிகாட்டலும் நமது முடிவும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களில் சிலர் கூச்சத்தால் தலை குனியக்கூடும். நானும் அவ்வாறு குனிந்தவனே. மார்பகத்தில் ஒட்டறுவை செய்துகொள்வதா, வேண்டாவா என்பதை ஒரு பெண் எவ்வாறு முடிவு செய்கிறாள், அம்முடிவில் மருத்துவரின் பங்கு யாது, உற்றார் உறவினரின் பங்கு யாது என்பதே அப்பொருள். நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவன் நான். எனினும் இதனை நான் ஏட்டில் கற்கவில்லை. என் தங்கையிடமிருந்து கற்றேன். அவளுடைய இசைவைப் பெற்றே இங்கே சொல்லுகிறேன்.

அவள் சேரன்மகாதேவிக்கு அருகில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை. சில ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு வலது மார்பகத்தில் புற்றுநோய் கண்டது. அறுவை, மருந்து, கதிர்வீச்சு என மூன்றையும் தாண்டி உயிர் பிழைத்தாள். அந்த மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது. ரவிக்கைக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு மீண்டும் பள்ளிக்குச் சென்றாள். நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். பிணி நீங்கியது, கதை முடிந்தது என்று எண்ணினோம்.

இரண்டு ஆண்டுகள் சென்றபின் ஒருநாள் அவள் என்னிடம், "அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் ஒட்டறுவை டாக்டர் ஒருவரைப் பார்க்க வேண்டும், கூட வாருங்கள்" என்றாள். காரணம் அறிந்ததும் நான், "உயிர் பிழைத்தது போதாதா? ஐம்பதை நெருங்கும் வயதில் அழகு எதற்கு?" என்று கேட்டுவிட்டேன். அவள் மறுமொழி சொல்லவில்லை. ஆயினும் குறித்த நாளில் புறப்பட்டாள்; நானும் உடன் சென்றேன்.

மருத்துவர் ஒரு பெண்மணி. "எதற்காக வந்திருக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டார். பழக்கதோஷத்தால் நானே விடை சொல்லத் தொடங்கினேன். அவர் பணிவாக, "ஐயா, உடம்பு அவர்களுடையது, முதலில் அவர்கள் சொல்லட்டும்" என்றார்.

அப்பொழுதுதான் என் தங்கை சொன்னாள். கரும்பலகையின் மேற்பகுதியில் எழுதக் கையை உயர்த்தினால் உள்ளே வைத்த துணி நழுவிவிடுமாம். அதனால் பலகையின் கீழ்ப்பாதியிலேயே எழுதப் பழகிக்கொண்டாளாம். கடைசி வரிசைப் பிள்ளைகள், "டீச்சர், தெரியவில்லை" என்று தினமும் சொல்லுவார்களாம். இவ்வளவையும் இரண்டு ஆண்டுகளாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. நான் அழகு என்று இகழ்ந்தது அவளுக்குத் தொழிலாகவும் தன்மதிப்பாகவும் இருந்தது.

இனி, அந்த மருத்துவர் எங்களுக்கு விளக்கியவற்றையும், அதன்பின் நான் படித்தறிந்தவற்றையும் முறையாகச் சொல்லுகிறேன்.

ஒட்டறுவையை ஆங்கிலத்தில் பிளாஸ்டிக் சர்ஜரி என்பர். பெயரைக் கேட்டு, பிளாஸ்டிக் பொருளை உடலில் வைப்பது என்று நினைப்பவர் பலர். அது பிழை. உருவாக்குதல், வனைதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நமது காருகுறிச்சியில் குயவர் மண்ணை வனைந்து கலமாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல உடலின் தோலையும் தசையையும் கொண்டு இழந்த உறுப்பை வனைவது இக்கலை. இது நமக்குப் புதியதன்று. அறுபட்ட மூக்கை மீண்டும் அமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. திப்பு சுல்தானுடைய போரில் சிறைப்பட்டு மூக்கறுபட்ட ஒரு வண்டிக்காரருக்கு, நெற்றித் தோலைக்கொண்டு புதிய மூக்கு அமைத்த செய்தி 1794-ஆம் ஆண்டில் இலண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. அதைப் படித்து ஊக்கம் பெற்ற கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் 1814-இல் தம் நாட்டில் அம்முறையைச் செய்து காட்டினார்.

இதெல்லாம் வெறும் அழகுக்காகத்தானே என்ற வினா அக்காலத்திலிருந்தே உண்டு. அதற்கு வேலூர் நல்ல விடை தருகிறது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களைத் தசைநாண்களை இடம் மாற்றி நிமிர்த்தினார். கை நிமிர்ந்தது, ஆனால் முகத்தில் புருவம் உதிர்ந்தும் மூக்கு அமிழ்ந்தும் இருந்தமையால் அவர்களுக்கு ஊரில் வேலை கொடுப்பார் இல்லை. ஆகவே தலையின் முடியுள்ள தோலை எடுத்துப் புருவம் அமைக்கவும், மூக்கை உயர்த்தவும் அங்கே முற்பட்டனர். புருவம் இல்லாமல் உயிர் வாழலாம். ஆனால் அதனாலேயே ஒருவனை ஊரார் விலக்குவார்களாயின், அந்தப் புருவத்தை அழகு என்பதா, தேவை என்பதா?

இதே வினா 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தமிழ்நாட்டில் பலமாக எழுந்தது. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், உள்வைப்பு உட்பட மார்பக ஒட்டறுவைகளைக் கட்டணமின்றிச் செய்யும் பிரிவு ஒன்றை அரசு தொடங்கியது. பொதுப்பணத்தை உயிர்காக்கும் சிகிச்சைக்கன்றோ செலவிட வேண்டும் என்றனர் ஒருசாரார். செல்வர்க்குக் கிடைப்பது ஏழைக்கு ஏன் கிடைக்கலாகாது என்றனர் மறுசாரார். புற்றுநோயால் மார்பகம் இழந்தவர், இரு பக்கமும் ஒவ்வாமல் வளர்ந்து நாணத்தால் ஒடுங்கியவர், மிகைப் பருமனால் தோளும் முதுகும் வலிப்பவர் எனப் பலர் உளர் என்பதை இருசாராரும் நினைவிற்கொள்ள வேண்டும். அவர்களுள் ஒருத்தி என் வீட்டிலேயே இருந்தும் நான் அறியவில்லையே!

உள்வைப்பு என்றேன், அதை விளக்க வேண்டும். இம்பிளாண்ட் என்று டாக்டர்கள் கூறுவது அதுவே. சிலிக்கோன் என்னும் செயற்கைப் பொருளால் ஆன மெல்லிய பை அது. அதனுள் கூழ் போன்ற சிலிக்கோனோ, உப்பு நீரோ நிரப்பப்பட்டிருக்கும். மார்பகச் சுரப்பியின் பின்னாலோ, மார்புத் தசையின் அடியிலோ அதனை வைப்பர். சிலிக்கோன் கூழ் நிரம்பிய உள்வைப்பை முதன்முதலில் ஒரு பெண்ணுக்குப் பொருத்தியவர்கள், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர்களான குரோனின், ஜெரோ என்ற இருவர், ஆண்டு 1962. அதன்பின் உலகெங்கும் பல இலட்சம் பெண்கள் இதனைப் பெற்றுள்ளனர். அவர்களில் மனநிறைவோடு வாழ்பவர் பலர். ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. நல்ல மருத்துவர் அதனை மறைப்பதில்லை.

முதலாவது, உள்வைப்பு ஆயுட்காலம் முழுவதும் நிலைக்கும் பொருளன்று. ஆண்டுகள் செல்லச்செல்ல, அதை எடுக்கவோ மாற்றவோ மற்றோர் அறுவை வேண்டியிருக்கலாம்.

இரண்டாவது, அந்நியப் பொருள் எதனையும் உடல் தன் தழும்புத் திசுவால் உறைபோலச் சூழ்ந்துகொள்ளும். சிலருக்கு அந்த உறை இறுகி, மார்பகம் கல்போல் கெட்டியாகி வலி தரும்.

மூன்றாவது, பை கிழியலாம். உப்புநீர்ப் பை கிழிந்தால் மார்பகம் சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். கூழ்ப் பை கிழிந்தாலோ வெளியே யாதும் தோன்றாமலும் இருக்கும். ஆதலால் கூழ்ப் பை பொருத்தியவர்கள் ஐந்து ஆறு ஆண்டுகள் கழித்தும், பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நன்று என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது.

நான்காவது, மிக அரிதாக, உள்வைப்பைச் சூழ்ந்த உறையில் நிணநீர் மண்டலத்தைச் சேர்ந்த ஒருவகைப் புற்றுநோய் தோன்றுகிறது. மேற்பரப்பு சொரசொரப்பாகச் செய்யப்பட்ட உள்வைப்புகளிலேயே இது மிகுதி. இதன் காரணமாக 2019-இல் அவ்வகையில் ஒரு பெரிய நிறுவனத்தின் உள்வைப்புகள் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

இவையன்றி, பால் ஊட்டுவதில் இடையூறும், தொடு உணர்வில் குறைவும் நேரலாம். மார்பகத்தை எக்ஸ்-ரே எடுத்துப் புற்றுநோயைக் கண்டறியும் வேளையில் உள்வைப்பு ஒரு பகுதியை மறைக்கலாம். ஆகவே அதனை முன்கூட்டியே அங்கு சொல்லிவிட வேண்டும். சோர்வு, மூட்டுவலி போன்றவற்றை உள்வைப்பினால் வந்தனவாகக் கூறும் பெண்களும் உளர். அவற்றின் காரணம் இன்னும் தெளிவுபடவில்லை எனினும், அவர்கள் சொல்வதை மருத்துவ உலகம் இன்று பொருட்படுத்திக் கேட்கிறது.

பொருளின் தரமும் கருதத்தக்கது. பிரான்சு நாட்டில் பி.ஐ.பி. என்ற நிறுவனம், மருத்துவத்துக்குரிய சிலிக்கோனுக்குப் பதிலாகத் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய மலிவான சிலிக்கோனைப் பைகளில் நிரப்பி விற்றது 2010-இல் வெளிப்பட்டது. பல நாடுகளில் எண்ணற்ற பெண்கள் கலங்கினர். அதன் நிறுவனர் 2013-இல் சிறைத்தண்டனை பெற்றார். ஆகவே தம் உடலில் வைக்கப்படுவது எந்த நிறுவனத்தின் பொருள், அதன் எண் யாது என்று கேட்டு, அந்த அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்வது ஒவ்வொரு பெண்ணின் உரிமையும் கடமையும் ஆகும்.

இவற்றையெல்லாம் அந்த மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்தே விளக்கினார். பிறகு, "உங்கள் முன் நான்கு வழிகள் உள்ளன" என்றார். உள்வைப்புப் பொருத்துவது ஒரு வழி. முதுகின் தசையையோ, அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையுமோ கொண்டு சொந்த உடலிலிருந்தே மார்பகம் அமைப்பது இரண்டாவது வழி. அறுவை எதுவுமின்றி, உடைக்குள் பொருந்துமாறு செய்யப்பட்ட செயற்கை மார்பகத்தை அணிவது மூன்றாவது வழி. ஒன்றுமே செய்யாமல் இருப்பது நான்காவது வழி. "நான்காவதும் ஒரு முடிவுதான், அம்மா, அதில் குறை ஒன்றும் இல்லை" என்று அவர் சொன்னது என் மனத்தில் பதிந்தது. அறுவை செய்வதையே தொழிலாகக் கொண்டவர், அறுவை வேண்டாத வழியையும் அதே மதிப்போடு எடுத்துக் கூறினார். வழிகாட்டல் என்பதன் இலக்கணம் இதுவே என்று எண்ணினேன்.

என் தங்கை கணித ஆசிரியை அல்லவா? ஒவ்வொன்றையும் குடைந்து கேட்டாள். கதிர்வீச்சுப் பெற்ற இடம் என்றதும், அங்குள்ள தோல் இறுகியும் குருதியோட்டம் குறைந்தும் இருக்கும். உள்வைப்பு வைத்தால் அவளுக்குத் தொல்லைகள் நேரும் வாய்ப்பு மற்றவரைவிட மிகுதி என்றார் மருத்துவர். "முதுகுத் தசையை எடுத்தால் கையை உயர்த்தி எழுத முடியுமா?" என்று கேட்டாள். பெரும்பாலோருக்கு முடியும், சிலருக்குத் தோளின் வலிமை சற்றுக் குறையும் என்ற விடை வந்தது. அடிவயிற்று முறையோ பல மணி நேரம் பிடிக்கும். நீண்ட தழும்பு இருக்கும். வயிற்றுச் சுவர் தளரலாம். இடம் மாற்றிய திசுவுக்குக் குருதி செல்லாமல் போய் முயற்சி வீணாவதும் சிறுபான்மை உண்டு என்றார். எதையும் மறைக்கவில்லை, எதையும் திணிக்கவும் இல்லை. "இன்றே சொல்ல வேண்டாம், வீட்டுக்குப் போய் யோசித்து, ஐயம் இருந்தால் மீண்டும் வாருங்கள்" என்று அனுப்பினார்.

இது அந்த மருத்துவரின் நற்குணம் மட்டுமன்று, சட்டமும் ஆகும். 2008-இல் நமது உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் இதனைத் தெளிவுபடுத்தியது. நோய் இன்னதென்று பார்க்கும் சோதனைக்கு மட்டும் ஒரு பெண் இசைந்திருந்தாள். அவள் மயக்கத்தில் இருந்தபோது, தாயாரிடம் இசைவு பெற்றுக்கொண்டு அவளுடைய கருப்பையும் அண்டகங்களும் அகற்றப்பட்டன. சோதனைக்குத் தந்த இசைவு சிகிச்சைக்குத் தந்த இசைவாகாது என்றும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது வயது வந்த ஒருத்திக்காகத் தாயும் இசைவு தர இயலாது என்றும் நீதிமன்றம் கூறியது. சிகிச்சையின் தன்மை, அதன் பயன், மாற்று வழிகள், பெரிய ஆபத்துகள், செய்யாவிட்டால் விளைவது ஆகியவற்றை மருத்துவர் போதிய அளவு எடுத்துரைக்க வேண்டும். அதன்பின் பெறுவதே உண்மையான இசைவு. அமெரிக்காவிலும் 2021-இல், உள்வைப்புக்கு முன் ஆபத்துகளை வரிசையாகக் கூறும் ஒரு பட்டியலை மருத்துவரும் பெண்ணும் சேர்ந்து படித்துப் பார்க்க வேண்டும் என்று விதி வகுத்தனர்.

நீங்கள் இளைஞர், உங்களுக்கென்று சில சொற்கள். கைப்பேசியில் காணும் படங்களோடு தம் உடலை ஒப்பிட்டு வருந்துவோர் உங்களில் உண்டு. அப்படங்களில் பல ஒளியாலும் கருவியாலும் திருத்தப்பட்டவை. உடல் வளர்ச்சி ஒருவருக்கு விரைவிலும் ஒருவருக்குத் தாமதித்தும் நிறைவுறும். அழகு கருதி உள்வைப்பு வைத்துக்கொள்ள, உப்புநீர்ப் பைக்குப் பதினெட்டு வயதும் சிலிக்கோன் கூழ்ப் பைக்கு இருபத்திரண்டு வயதும் ஆகியிருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் வரையறுத்ததன் கருத்தும் அதுவே. ஆகவே அவசரப்படாதீர்கள். எந்த அறுவையாயினும், "இது யாருக்காக? எனக்காகவா, பிறர் கண்ணுக்காகவா?" என்ற கேள்வியை முதலில் உங்களையே கேளுங்கள். பிறகு மருத்துவரிடம், "ஆபத்து என்ன? வேறு வழி என்ன? செய்யாவிட்டால் என்ன? பத்தாண்டு கழித்து என்ன?" என்று கேளுங்கள். கேள்விக்கு முகம் சுளிப்பவரிடமும், இன்றைக்கே பணம் கட்டினால் சலுகை என்பவரிடமும் உடலை ஒப்படைக்க வேண்டாம். தகுதி பெற்ற ஒட்டறுவை மருத்துவரா என்று விசாரித்து அறிவதும் இன்றியமையாதது.

திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தின் இறுதிப் பாட்டு மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைச் சொல்லுகிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர். இதனை நான் எத்தனையோ ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறேன். நோயுற்றவர் முதலிடத்தில் நிற்பதை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. நான்காம் இடத்துக்குரிய நான், அன்று முதலிடத்தில் உட்கார்ந்து விடை சொல்லப் புகுந்தேன். இன்னும் ஒன்று சொல்லுவேன். தலைமையாசிரியனாக இருந்தபோது, பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்வது என்று கேட்டு வந்த பிள்ளைகளுக்கு, அவர்கள் வாய் திறக்குமுன் நானே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததுண்டு. அதனை வழிகாட்டல் என்று எண்ணியிருந்தேன். அந்த மருத்துவரின் அறையில்தான் அது வழிகாட்டல் அன்று என்று தெரிந்துகொண்டேன்.

என் தங்கை ஒரு மாதம் எடுத்துக்கொண்டாள். அந்த மாதத்தில் ஒருமுறை மட்டும், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அண்ணாச்சி?" என்று கேட்டாள். "நீ எதைத் தேர்ந்தாலும் உடன் வருவேன்" என்றேன். அடிவயிற்று முறையைத் தேர்ந்தாள். கோடை விடுமுறையில் அறுவை நடந்தது. நான் வெளியே பெஞ்சில் பகல் முழுவதும் காத்திருந்தேன். வலியும் இருந்தது; தழும்பும் இருக்கிறது; பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆயின. அதே நாட்களில் அந்த மருத்துவரிடம் வந்த மற்றொரு பெண், கதிர்வீச்சுப் பெறாதவர், உள்வைப்பையே தேர்ந்து நலமாக இருக்கிறார். வேறொருவர் யாதும் வேண்டா என்று நிம்மதியாக வீடு திரும்பினார். அறிந்து எடுத்த முடிவுகளாதலின், மூன்றும் நல்ல முடிவுகளே.

அண்மையில் ஏதோ வேலையாக அவள் பள்ளிக்குச் சென்றிருந்தேன். வகுப்பின் வாயிலில் நின்று பார்த்தேன். தேற்றம் ஒன்றைக் கரும்பலகையின் மேல் விளிம்பிலிருந்து எழுதத் தொடங்கியிருந்தாள். கடைசி வரிசைப் பிள்ளைகள் தலையைத் தூக்காமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.